கொரேம்: தமிழில் இடவுரு

புவியியல் படிக்கிற அக்கா மகன் போன வாரம் ஒரு தாளை நீட்டி, "மாமா, இது நம்ம மாவட்டமாக்கும்" என்றான். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சொல்கிறான். ஒரு முக்கோணம், உள்ளே மூன்று பட்டை, ஒரு பெரிய புள்ளி, இரண்டு அம்பு. ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை. "இதுக்குப் பேரு கொரேம். தமிழ்ல என்ன சொல்லலாம்?"

கொரேம் (chorème) பிரெஞ்சுச் சொல். 1980-இல் ரோஜே புருனே என்ற புவியியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எழுத்தைப் பார்த்து 'சோரேம்' என்று படித்துவிடக் கூடாது, முதல் ஒலி ககரம்தான். கிரேக்கத்தில் 'கோரா' என்றால் இடம், நிலப்பகுதி, நாடு. (இது நம் 'ஊர்' என்பதிலிருந்து போனது என்று யாராவது கிளம்பலாம். அதற்கு ஆதாரம் கிடையாது.) வால் பகுதி மொழியியலில் இரவல் வாங்கியது: போனீம் (ஒலியன், பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு), மார்பீம் (உருபன், பொருள் தரும் மிகச்சிறிய சொற்கூறு) என்பவற்றின் வால்.

பொருளே அந்த வாலில்தான் இருக்கிறது. சில ஒலியன்களை வைத்து ஒரு மொழியே பேசுகிறோம். அதுபோல எந்த நாட்டின் இட அமைப்பையும் சில அடிப்படை உருக்களைக் கோத்துச் சொல்லிவிடலாம் என்பது புருனேயின் எண்ணம். புள்ளி, கோடு, பரப்பு, வலை என நான்கு. எல்லை, ஈர்ப்பு, படிநிலை போன்ற ஏழு வகை அமைப்புகள். பெருக்கினால் 28 கட்டம் கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொரு கட்டமும் ஒரு கொரேம். ஆகவே மருமகன் நீட்டியது, கறாராகப் பார்த்தால், கொரேம் அல்ல. பல கொரேம்களால் ஆன மாதிரிப்படம். பேச்சில் முழுப் படத்தையும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள்.

அவன் படத்துக்கு வருவோம். மூன்று பட்டைகள் மலை, இடைநாடு, கடற்கரை. புள்ளி நாகர்கோவில். ஓர் அம்பு கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் இழுக்கிறது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்று சென்னை மாநிலம்) சேர்ந்தன. எல்லைக்கோடு இடம் மாறியது, இழுப்பு நிற்கவில்லை. சாதாரண வரைபடத்தில் அந்த இழுப்பு தெரியாது.

சரி, தமிழ்ச் சொல்? ஒலி, ஒலியன், உருபு, உருபன். அதே வழியில் 'நிலன்', 'இடன்' என்று வைக்கத்தான் முதலில் கை போகும். ஆனால் அவை ஏற்கெனவே நிலம், இடம் என்பவற்றின் கடைப்போலி (கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாத வடிவம்), புதுப்பொருள் ஏறாது. 'புலன்' என்றால் கண், காது நினைவுக்கு வரும். 'திணை' என்றும் ஆசை வரும், அதுவும் நெய்தலும் குறிஞ்சியும் ஒரு மணிநேரப் பஸ் தூரத்தில் இருக்கும் நம் மாவட்டத்தில். ஆனால் திணை நிலத்தின் இயல்பைச் சொல்வது; கொரேம் நிலத்தின் எலும்பை, அதாவது எது மையம், எது எல்லை, எது எங்கே இழுக்கிறது என்பதைச் சொல்வது. 'நிலவுரு' என்றால் மலை, பள்ளத்தாக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்குச் சரியாகப் படுவது 'இடவுரு'. கோத்து வரைந்த முழுப் படத்துக்கு 'இடவுருப் படம்'.

பிரான்சில் இது வகுப்பறையோடு நிற்கவில்லை, அரசின் திட்டமிடல் வரை போனது. 1989-இல் புருனேயின் குழு ஐரோப்பிய நகரங்களை ஆராய்ந்து, இங்கிலாந்திலிருந்து மிலான் வரை வளையும் ஒரு பட்டையைக் காட்டியது. அதற்கு 'நீல வாழைப்பழம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. மட்டியும் ஏத்தனும் செந்துளுவனும் தின்று வளர்ந்த நமக்கு அந்த நிறம் கொஞ்சம் உறுத்தும். எதிர்ப்பும் வந்தது. இவ்வளவு சுருக்கினால் வரலாறும் அரசியலும் காணாமல் போகும் என்று இன்னொரு பிரெஞ்சுப் புவியியலாளர், இவ் லாக்கோஸ்த், சாடினார். நியாயம்தான்: மருமகன் படத்தில் கடற்கரை ஒரே பட்டை. குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் அதற்குள் எங்கே என்று தேட வேண்டும்.

அவனுடைய இரண்டாவது அம்பு ஆரல்வாய்மொழிக் கணவாயில், கிழக்கிலிருந்து மேற்கே. கேரளத்துக்குக் காய்கறி லாரி போகும் வழி. "அப்போ ஆனி ஆடிக் காத்து?" என்று கேட்டேன். அழிரப்பரை எடுக்கப் போனவன், அப்புறம் யோசித்து, அதே கணவாயில் முப்பந்தல் காற்றாலைகளை நோக்கி எதிர்த்திசையில் இன்னொரு அம்பு போட்டான்.