கராத்தே ‘எஜமானர்’ என்று எழுதாதீர்கள், அவர் ஆசான்

“உலகின் தலைசிறந்த கராத்தே எஜமானர்கள் யார்?” கைப்பேசியைத் திறந்தால் இதுதான் கண்ணில் படுகிறது. காணொளிக்குக் கீழே ஓடும் தமிழ் எழுத்தில் எஜமானர், மொழிமாற்றம் செய்த படத்தில் எஜமானர், யாரோ அவசரமாகத் தமிழாக்கிப் பகிரும் பட்டியலிலும் எஜமானர். எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன், கீழக்கரை என்று கடற்கரை நெடுக வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் சாயங்காலமானால் பள்ளிக்கூட மைதானத்திலோ மணலிலோ கராத்தே பழகுகிறார்கள். யார் பெரியவர் என்று அவர்களுக்குள் தினமும் சண்டை நடக்கும், அது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் வாயிலும் இப்போது “அவர் பெரிய எஜமானர்” என்று வர ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கராத்தே என்ற சொல். ஜப்பானிய மொழியில் ‘தே’ என்றால் கை. ‘கரா’ என்பதை முன்பு சீனாவின் தாங் அரசமரபைக் குறிக்கும் எழுத்தால் எழுதினார்கள், அதாவது சீனக் கை. அதே ஒலியுள்ள, ‘வெறுமை’ என்று பொருள்படும் எழுத்து பிறகு வந்தது. 1936இல் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவிலுள்ள நாஹா நகரில் ஆசான்கள் கூடிப் பேசி வெறுங்கை என்ற எழுத்தையே ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான். தமிழில் கராத்தே என்று எழுதுவதே சரி, ஜப்பானியர் வாயில் வருவது நம் தகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலி. கராட்டே என்பது ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்த உச்சரிப்பு. வெறுங்கைக் கலை என்று மொழிபெயர்க்கவும் வேண்டாம், வெறுங்கை முழம் போடுமா என்று கேட்கிற ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வாடை வந்துவிடும்.

இப்போது, எஜமானர் என்று தமிழாக்கப்படும் மாஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். இது லத்தீனின் மகிஸ்தர் என்ற சொல்லிலிருந்து பிறந்தது, ‘கூடுதலானவர்’, ‘மேலானவர்’ என்பது அடிப்படைப் பொருள். ஆங்கிலத்துக்குப் போனதும் அது இரண்டு கிளையாகப் பிரிந்தது. அடிமைக்கும் வேலைக்காரனுக்கும் மேலே இருப்பவர் ஒரு கிளை, பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாதிரிச் சொல்லிக்கொடுப்பவரும் தொழிலில் கைதேர்ந்தவரும் இன்னொரு கிளை. தமிழ் இந்த இரண்டையும் பொதுவாக வெவ்வேறு சொல்லால்தான் சொல்லும். அகராதியைத் திறந்து முதலில் கிடக்கும் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்களும், அதையே வேகமாகச் செய்யும் இயந்திரமும், முதல் கிளையைப் பிடித்துக்கொண்டு எஜமானர் என்று எழுதிவிடுகிறார்கள்.

எஜமானர் எங்கிருந்து வந்தவர் என்று பார்த்தால் தப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். வடமொழியில் யஜமானன் என்பவன் தன் செலவில் வேள்வி நடத்துகிறவன். மந்திரம் தெரிந்தவர் புரோகிதர், அவருக்குத் தட்சணை கொடுத்து வேலையை நடத்திக்கொள்கிறவர்தான் யஜமானன். அந்தக் கணக்கில் கராத்தே வகுப்பில் எஜமானர் யார்? மாதாமாதம் கட்டணம் கட்டும் அப்பாதான். சொல்லிக்கொடுக்கிறவரை எஜமானர் என்பது சொல்லைத் தலைகீழாக நிறுத்துவது. பிறகு அந்தச் சொல் சொத்துக்காரர், முதலாளி, வளர்ப்பு நாய்க்குச் சோறு போடுகிறவர் என்றெல்லாம் போய்விட்டது. எப்படிப் பார்த்தாலும் அதில் உடைமை இருக்கிறது, படிப்பு இல்லை.

எங்கள் கடற்கரையில் இந்த வேறுபாட்டைச் சின்னப் பையனும் அறிவான். படகு வைத்திருப்பவர் சம்மாட்டி. வலையும் அவருடையது, டீசல் காசும் அவருடையது. ஆனால் நீரோட்டம் பார்க்கவும் வலை விடவும் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெரும்பாலும் வேறு ஆளாக இருப்பார், அவருக்குச் சொந்தமாக ஒரு வள்ளம்கூட இருக்காது. சம்மாட்டியையும் தொழில் பழக்கியவரையும் ஒரே பெயரால் கூப்பிட்டால் ராமேஸ்வரம் துறைமுகத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கராத்தேயில் மட்டும் அதைச் செய்கிறோம்.

எஜமானரை ஒதுக்குவது சுலபம். எனக்கு உண்மையான வழக்கு ‘கராத்தே வல்லுநர்’ என்ற சொல்லோடுதான். தமிழ் மேல் அக்கறை உள்ளவர்கள், படித்தவர்கள், இதைத்தான் முன்வைக்கிறார்கள். வல் என்பது நல்ல தமிழ் வேர், வல்லவன், வன்மை, வல்லமை எல்லாம் அதன் பிள்ளைகள், பொருளாதார வல்லுநர், சட்ட வல்லுநர் என்று பழகியும் இருக்கிறோம், பிறகென்ன என்கிறார்கள். சொல்லில் ஒரு குறையும் இல்லை. இந்த இடத்துக்குத்தான் அது பொருந்தவில்லை. வல்லுநர் என்றால் தனக்குத் திறமை இருக்கிறவர். அவர் யாருக்காவது சொல்லிக்கொடுத்தாரா, அவர் பேரைச் சொல்லி இன்று யாராவது பழகுகிறார்களா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்காது. கராத்தேயில் பெரியவர் யார் என்ற வாதம் முழுக்க முழுக்க இதில்தான் தொங்குகிறது.

மோத்தோபு சோக்கி என்று ஒருவர் (1870–1944). ஒக்கினாவாவில் உயர்ந்த குடும்பத்தில் பிறந்தவர், நாஹாவின் கேளிக்கைத் தெருக்களில் வேண்டுமென்றே சண்டைக்குப் போய்த் தன் வித்தையைச் சோதித்துப் பார்த்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கியோத்தோவில் ஒரு வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரரை வீழ்த்தினார். அந்தச் செய்தியை 1925இல் கிங்கு என்ற ஜப்பானிய இதழ் விரிவாகப் போட்டது, ஆனால் படத்தில் வரைந்திருந்தது அவருடைய உருவத்தை அல்ல, ஃபுனகோஷி கிச்சினின் உருவத்தை. இருவருக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகாது, இதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்.

ஃபுனகோஷி (1868–1957) பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி, அங்கேயே தங்கிப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்கியவர். ஷோத்தோ என்பது அவர் கவிதைக்கு வைத்துக்கொண்ட புனைபெயர், ஷோத்தோகான் பாணிக்குப் பெயர் அதிலிருந்துதான் வந்தது. நம் மாவட்டத்தில் பழகும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தப் பாணியில்தான் நிற்கிறார்கள், நடக்கிறார்கள்.

இப்போது ‘தலைசிறந்த வல்லுநர் யார்’ என்று கேளுங்கள். தெருச்சண்டையில் வென்ற மோத்தோபுவைச் சொல்வார்கள், இல்லையென்றால் காளைகளோடு மோதிக்காட்டிப் பெயர் வாங்கிய மாஸ் ஒயாமாவைச் சொல்வார்கள். மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த எங்கள் பையன்களுக்கு ஒயாமா மேல் தனிப் பிரியம் என்பதில் ஆச்சரியமில்லை, அவர் கியோகுஷின் என்ற பெரிய பாணியையே நிறுவியவரும்கூட. ஆனால் ‘தலைசிறந்த ஆசான் யார்’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு திசைக்குப் போகும். ஃபுனகோஷி யாரிடம் படித்தார்? இத்தோசு அங்கோவிடம். ஃபுனகோஷியை எதிர்த்து நின்ற மோத்தோபு? அவரும் இத்தோசுவிடம் படித்தவர்தான். ஷித்தோ ரியூ பாணியை உண்டாக்கிய மபுனி கென்வா? அவருக்கும் இத்தோசுதான் ஆசான், கூடவே ஹிகாஒன்னா கன்ரியோவும். கோஜு ரியூவின் மியாகி சோஜுனுக்கு (1888–1953) ஆசான் அதே ஹிகாஒன்னா. இத்தோசு, ஹிகாஒன்னா என்ற இந்த இரண்டு கிழவர்களும் ஒரே ஆண்டில், 1915இல், இறந்துபோனார்கள். அவர்கள் கைபட்டு வளர்ந்தவர்கள்தான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பெரிய பாணிகளைக் கட்டியவர்கள். இத்தோசு அதற்கும் மேலே ஒன்று செய்தார், மூடிய முற்றத்தில் ரகசியமாகப் பழகியதை ஒக்கினாவாவின் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோனார், பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி பினான் என்ற ஐந்து கத்தாக்களை, அதாவது வரிசை மாறாமல் செய்துபழகும் அசைவுத் தொகுப்புகளை, அமைத்தார். பள்ளி மைதானத்தில் கராத்தே நடக்கிறதே, அதற்கு மூலம் அங்கே இருக்கிறது. நான் கேட்ட எந்த வாதத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. வல்லுநர் என்று கேட்டால் வராது, ஆசான் என்று கேட்டால் வந்தே ஆக வேண்டும்.

புரூஸ் லீயையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவர் படித்தது விங் சுன், உண்டாக்கியது ஜீத் குன் டோ, அவர் கராத்தேக்காரரே இல்லை.

சாம்பியன் என்பதும் வேறு. தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், கத்தா பிரிவில் தங்கம் வென்ற கியுனா ரியோ ஒக்கினாவாக்காரர், இந்தக் காலத்தின் பெரிய சாம்பியன். அவருக்குப் பழக்கியவர் சகுமோத்தோ, அவரும் தன் காலத்தில் கத்தாவில் உலகச் சாம்பியனாக இருந்தவர். சாம்பியன் பட்டத்தோடு நின்றிருந்தால் அவரை நாம் இந்த இடத்தில் பேசியிருக்கவே மாட்டோம், கியுனாவை உருவாக்கியதால் பேசுகிறோம்.

ஜாம்பவான் என்று ஃபிளெக்ஸில் போடுகிறவர்களிடம் எனக்குக் கோபம் குறைவு. சேது இருக்கும் மண்ணில் நின்றுகொண்டு ஜாம்பவானைப் பழிக்க மனம் வராது. ஆனால் அவர் அந்தக் கதையில் என்ன செய்தார் என்பதை மறந்துவிட்டு, பெரிய ஆள், பலசாலி என்ற அளவில் அந்தப் பெயரைத் தேய்த்துவிட்டோம். கடலைத் தாண்டத் தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அனுமனுக்கு அவனுடைய பலத்தை எடுத்துச் சொல்லி எழுப்பியவர் அந்த முதியவர். தாண்டியது அனுமன். அது ஆசான் செய்கிற வேலை. அந்த அர்த்தத்தில் ஜாம்பவான் என்று யாராவது எழுதினால் நான் எதிர்க்க மாட்டேன், ஆனால் கிரிக்கெட் முதல் கட்டுமானக் கம்பெனி வரை எல்லோரும் ஜாம்பவானாகிவிட்ட பிறகு அந்த அர்த்தத்தை மீட்பது கடினம்.

சரி, ஆசான் தூய தமிழா என்று கேட்பார்கள். ஆசாரியர் என்ற வடசொல்லின் வழியாக வந்தது என்று ஒரு கட்சி, ஆசு என்றால் குற்றம், அதைப் போக்குகிறவர் ஆசிரியர் என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டையைக் காரணம் காட்டி வல்லுநரைக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவிக்கு ஆடல் பழக்கியவரை ஆசான் என்றுதான் இளங்கோ சொல்கிறார். உடம்பால் பழக வேண்டிய ஒரு கலையை, நின்று, அசைந்து, திருத்திச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தச் சொல் அப்போதே பொருந்தியிருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் வர்மம் தெரிந்தவரை இன்றைக்கும் ஆசான் என்கிறார்கள். இவ்வளவு காலம் நம்மோடு வாழ்ந்த சொல்லை வேர் பார்த்து வெளியே அனுப்புவது எந்தத் தூய்மை?

எங்கள் கரையில் வேறு சொற்களும் உண்டு. கம்பு சுற்றப் பழக்குகிறவர் சிலம்ப வாத்தியார். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஓதிக்கொடுக்கிறவர் உஸ்தாத், அந்தப் பாரசீகச் சொல்லில் கைதேர்ந்தவர் என்பதும் கற்பிப்பவர் என்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. எதிர்க்கரையில் மன்னார், யாழ்ப்பாணம் பக்கம் கூத்துப் பழக்குகிறவர் அண்ணாவியார், அண்ணன் என்ற மூத்த உறவு அதில் காதுக்கே கேட்கிறது. இவற்றில் எதைச் சொன்னாலும் எஜமானரைவிட ஆயிரம் மடங்கு சரி. பேச்சில் ‘மாஸ்டர்’ என்று சொல்வதையும் நான் தடுக்க மாட்டேன், டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர் என்று தமிழ்நாடு அந்தச் சொல்லைத் தொழில் தெரிந்தவருக்கான மரியாதையாக எப்போதோ மாற்றிக்கொண்டுவிட்டது.

ஜப்பானியச் சொல்லும் ஆசான் பக்கம்தான் சாய்கிறது. சென்செய் என்பதன் இரண்டு எழுத்துகளுக்கு ‘முன்னால் பிறந்தவர்’ என்று பொருள், நமக்கு முன்பே அந்த வழியில் நடந்தவர். அங்கே அதைப் பிறர்தான் சொல்வார்கள், தன் பெயரோடு தானே சேர்த்துச் சொல்லிக்கொள்வது முறையில்லை. ஷிஹான் என்பதற்கு ஆசிரியர், முன்மாதிரி என்ற இரண்டு எழுத்துகள். தமிழ்நாட்டில் அது கராத்தே பழக்கிய ஹுசைனியின் பெயரோடு ஒட்டியே வந்ததால் பலரும் அதை அவருடைய பெயரின் பாதி என்றே நினைத்துக்கொண்டார்கள், உண்மையில் அது பட்டம். கிராண்ட் மாஸ்டர் என்பது நமக்குச் சதுரங்கத்தில் பழகிய பட்டம், அங்கே அதற்கு இத்தனை புள்ளி, இத்தனை தகுதி என்று வரையறை உண்டு. கராத்தேக்கு அதை இழுத்து வந்து ‘பெருந்தலைவர்’ என்று தமிழாக்கும்போது கட்சி மாநாடு மாதிரி ஆகிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் இதோடு விட்டால் பரவாயில்லை. கருப்புப் பட்டையில் ‘மூன்றாம் டிகிரி’ என்று எழுதுகிறார்கள், படிக்கிறவர்கள் அதைக் கல்லூரிப் பட்டம் என்று எண்ணுகிறார்கள். ஜப்பானியத்தில் அதற்கு ‘தான்’ (dan) என்று பெயர், நேர்ப்பொருள் ‘படி’. மூன்றாம் படி என்று எழுதினால் எல்லாமே விளங்கிவிடும், நம்மிடம் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் இருக்கும்போது ஏன் ஆங்கிலத்தைச் சுற்றி வர வேண்டும்? முதல் கருப்புப் பட்டைக்கு ஷோதான் என்று பெயர், தொடக்கப் படி என்று அர்த்தம். பிள்ளைக்குக் கருப்புப் பட்டை கிடைத்ததும் ‘எஜமானர் ஆகிவிட்டான்’ என்று ஃபிளெக்ஸ் வைக்கிற பெற்றோர், அந்தப் பட்டையின் பெயரே ‘இப்போதுதான் ஆரம்பம்’ என்று சொல்வதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஆகவே அழைப்பிதழ் அடிக்கிறவர்களும் காணொளிக்குத் தமிழ் எழுதுகிறவர்களும் ‘கராத்தே ஆசான்’ என்று போடுங்கள். பாணியை நிறுவியவர் என்றால் ‘பாணியின் முதலாசான்’ என்று சொல்லலாம், போட்டியில் வென்றவர் என்றால் சாம்பியன் என்றே விட்டுவிடலாம். இந்த மூன்றையும் பிரித்து எழுதினாலே, மியாகியா ஃபுனகோஷியா ஒயாமாவா என்று மணலில் உட்கார்ந்து வாதாடும் பிள்ளைகள், எதைப் பற்றி வாதாடுகிறோம் என்று தெரிந்து வாதாடுவார்கள்.