சொல் விளக்கம்: வீட்டட் போர்பன்

போர்பன் என்பது அமெரிக்க விஸ்கியில் ஒரு வகை. அதில் ஒன்றை 'வீட்டட் போர்பன்' என்று தமிழில் எழுதினால் முதலில் கண்ணில் படுவது 'வீடு'தான். "வீட்டிலேயே காய்ச்சியதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டே விட்டார். இல்லை. இது 'வீட்', அதாவது கோதுமை. உப்பிட்டதை ஆங்கிலத்தில் 'சால்ட்டட்' என்பதுபோல, கோதுமை இட்டது 'வீட்டட்'. சொல்லின் கதை அவ்வளவுதான். தமிழில் அதைச் சரியாகச் சொல்லப் போகும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

பெரும்பாலானவர்கள் சட்டென்று 'கோதுமை விஸ்கி' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு, ஏனென்றால் கோதுமை விஸ்கி என்று வேறொன்று நிஜமாகவே இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அதில் கோதுமை குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். போர்பனில் அந்த 51 சதவீதம் மக்காச்சோளத்துக்கு உரியது. மிச்சத்தில் வழக்கமாக 'ரை' என்ற தானியமும் முளைகட்டிய பார்லியும் இருக்கும். ரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமையை உட்கார வைத்தால் அது வீட்டட் போர்பன். மேக்கர்ஸ் மார்க் போர்பனில் 70 பங்கு மக்காச்சோளம், 16 பங்கு கோதுமை, 14 பங்கு பார்லி. இட்லி மாவில் உளுந்து இருக்கிறது என்பதற்காக இட்லியை உளுந்து வடை என்று யாரும் சொல்வதில்லையே!

இன்னொன்று: 'வீட்டட்' என்பதற்குச் சட்டத்தில் தனி வரையறை கிடையாது. அது தொழிலில் இருப்பவர்கள் பேசிப் பேசி நிலைத்த சொல்.

தானியங்களின் பெயரிலும் கவனம் வேண்டும். வெறுமனே 'சோளம்' என்றால் தமிழ்நாட்டில் வெள்ளைச் சோளம் நினைவுக்கு வரும், இலங்கையில் மக்காச்சோளம். ரையைக் 'கம்பு' என்று எழுதுபவர்கள் உண்டு. கம்பு முற்றிலும் வேறு பயிர், ஆகவே ரையை ரை என்றே விட்டுவிடலாம். பார்லிக்கு நம்மிடம் ஓர் அழகான பெயர் இருக்கிறது: வாற்கோதுமை. கதிரில் வால் நீண்டிருப்பதால் அந்தப் பெயர். ஆனால் இங்கே அதுவே காலை வாரிவிடுகிறது. ஏறக்குறைய எல்லா போர்பனிலும் வாற்கோதுமை இருப்பதால், 'கோதுமை உள்ள போர்பன்' என்று சொல்லி எதையும் பிரித்துக்காட்ட முடியாது. இந்தக் கட்டுரையில் பார்லி என்றே எழுதுவது அதனால்தான்.

சரி, 'போர்பன்'? பிரான்சை ஆண்ட அரச வம்சத்தின் பெயர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் செய்த உதவிக்கு நன்றியாக 1785-இல் ஒரு கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) அந்தப் பெயரை வைத்தார்கள். அன்று அது வர்ஜீனியாவில் இருந்தது, இன்று கென்டக்கி மாநிலத்தில். விஸ்கிக்குப் பெயர் அங்கிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. நியூ ஆர்லியன்ஸ் நகரின் போர்பன் தெருவில் விற்றதால் வந்தது என்பது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை. எந்தக் கட்சி ஜெயித்தாலும் மூலம் அதே அரச வம்சம்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் பாலில் தோய்த்துத் தின்னும் போர்பன் பிஸ்கட்டின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான், அதில் ஒரு சொட்டு மதுவும் கிடையாது.

'விஸ்கி' என்பதன் வேர் கேலிக் மொழியில் 'உயிர் நீர்' என்று பொருள்படும் தொடர். இதைத் தமிழில் 'தேறல்' என்று எழுதலாமே என்பார்கள் சிலர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தேறல் என்பது தெளிந்த கள், காய்ச்சி வடித்ததல்ல. பழந்தமிழ்ப் பாடல்களிலிருந்து நான் கடன் வாங்க நினைப்பது வேறொரு சொல்லை. திருமுருகாற்றுப்படையில் 'நீடு அமை விளைந்த தேக்கள் தேறல்' என்று வருகிறது. நீண்ட மூங்கில் குழாயில் இருந்து முதிர்ந்த தேன் கள். 'விளைந்த' என்கிறார் புலவர். பீப்பாயில் வருடக்கணக்காக இருந்து பக்குவமானதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. மூங்கிலுக்குப் பதில் இங்கே உள்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாய். (பீப்பாய் என்ற சொல்லே போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனது.)

கோதுமை போர்பனுக்குள் பேர் வாங்கிய கதையில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, லூயிவில் நகருக்கு அருகே 1935-இல் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தய நாளில் திறந்த ஸ்டிட்செல்-வெல்லர் வடிசாலை. அதை நடத்தியவர்களில் ஒருவர் 'பாப்பி' வான் விங்கிள். இன்று அவர் பெயரில் வரும் பாட்டிலுக்கு ஆட்கள் கொட்டிக்கொடுக்கும் விலையைக் கேட்டால் போதை தானாக இறங்கிவிடும். வடிசாலை 1992-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மற்றது லொரெட்டோ என்ற சிற்றூர். அங்கே 1953-இல் பழைய வடிசாலை ஒன்றை வாங்கிய பில் சாமுவேல்ஸ், எந்தத் தானியக் கலவை நன்றாக இருக்கும் என்று பார்க்க ஒவ்வொரு கலவையிலும் ரொட்டி சுட்டுத் தின்று பார்த்தார் என்பது மேக்கர்ஸ் மார்க் நிறுவனம் சொல்லும் கதை. கெட்டிக்காரத்தனம்தான். விஸ்கியாக வடித்துப் பார்த்திருந்தால் ஒவ்வொரு பதிலுக்கும் ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும்.

இனி சுவைப்பது. வீட்டட் போர்பனைப் பற்றி எழுதும் எல்லோரும் 'சாஃப்ட்' என்பார்கள், கோதுமை இனிப்பைத் தருகிறது என்பார்கள். என் கணக்கு கொஞ்சம் வேறு. கோதுமை புதிதாக எதையும் பெரிதாகக் கொண்டுவருவதில்லை. ரை கொண்டுவரும் மிளகு, கிராம்பு வாடை இல்லாமல் போகிறது. அந்தக் காரம் விலகியதும் மக்காச்சோளத்தின் இனிப்பும் ஓக் தரும் வெனிலா வாசமும் முன்னால் வந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'ஹாட்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவதைத் தமிழில் பிரித்துச் சொல்ல முடிகிறது: ரையினுடையது காரம், சாராயத்தினுடையது எரிச்சல். கோதுமை காரத்தைத்தான் குறைக்கும். 60 சதவீத ஆல்கஹாலில் அடைத்த வீட்டட் போர்பன் மென்மையாக இருக்கும் என்று நம்பி ஒரு மடக்கு விழுங்கினால் தொண்டை சொல்லும் பதில் வேறு. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சென்ற ஆண்டு கென்டக்கியில் ஒரு சிறு வடிசாலையின் சுவைக்கும் அறையில் இரண்டு கண்ணாடிக் குவளைகளை முன்னால் வைத்தார்கள். இரண்டும் வீட்டட் போர்பன், ஒரே தானியக் கூட்டு. ஒன்று சிறிய பீப்பாயில் இரண்டு வருடம், மற்றது 200 லிட்டர் பீப்பாயில் ஆறு வருடம். நிறத்தில் இளசுதான் அதிகக் கருப்பு. முகர்ந்தேன்: ஊறவைத்த மாவு வாடை. நம் சமையலறையில் 'பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிடு' என்போமே, அந்தப் பச்சை வாசனை போகவில்லை. வாயில் வைத்ததும் கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடித்தது, வாழைப்பூவைக் கடித்த மாதிரி துவர்ப்பு. ஆறு வயதுக்காரரிடம் அந்தத் துவர்ப்பு ஓரமாக ஒதுங்கியிருந்தது. கருகிய வெல்லம், கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை. விழுங்கிய பிறகும் பின்சுவை நெஞ்சில் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது.

காரணம் எளிது. சிறிய பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு அதிகம். நிறமும் துவர்ப்பும் சீக்கிரம் இறங்கிவிடும். பச்சை வாசனை போவதற்கு மரம் போதாது, காலமும் வேண்டும். ரை இருந்தால் அதன் காரத்தில் இந்தக் குறை ஓரளவு மறையும். கோதுமை எதையும் மறைக்காது. அதனால்தான் சிறு வடிசாலைகளின் வீட்டட் போர்பனை எடைபோடும்போது கூடுதல் கண்டிப்பு தேவைப்படுகிறது. லேபிளையும் படியுங்கள். நான்கு வருடத்துக்குக் குறைந்தது என்றால் வயதைப் போட்டாக வேண்டும் என்பது சட்டம். சிறிய அளவில் தாங்களே வடித்தது என்று காட்டப் போடும் 'கிராஃப்ட்' என்ற சொல்லுக்கு அப்படிச் சட்டக் காவல் எதுவும் இல்லை. இந்தியானா மாநிலத்தின் பெரிய வடிசாலையில் வாங்கி அடைத்துவிட்டுக் கிராஃப்ட் என்று விற்பவர்களும் உண்டு. ஆகவே 'கைவினை' என்று மொழிபெயர்த்து அதற்கு மாலை போட வேண்டாம். தாங்களே வடித்திருந்தால் 'சிறு வடிசாலை' போதும். வடிசாலை என்பதும் இலங்கைத் தமிழர் சர்வசாதாரணமாகப் புழங்கும் நல்ல சொல்.

அப்புறம், வீட்டட் போர்பனுக்குத் தமிழ்? 'கோதுமை சேர்த்த போர்பன்' என்று எழுதிப் பார்த்தேன். பிறகு எதையோ கலந்த மாதிரி தொனிக்கிறது. போர்பனில் தண்ணீர் தவிர வேறெதுவும் பிறகு சேர்க்கக் கூடாது. கோதுமை நுழைவது மாவு நொதிப்பதற்கு முன்பே, தானியக் கூட்டில். அதனால் என் ஓட்டு 'கோதுமைக்கூட்டு போர்பன்' என்பதற்கு. நண்பரிடம் சொன்னேன். "கூட்டா? பூசணிக்காய் போடுவார்களா?" என்றார்.

வீட்டில் காய்ச்சியதா என்று கேட்டதற்கு இது தேவலை.