கல் எரியாது, சரி. சூடு?

ஒரு வாசகரின் கேள்வி. பழைய வீடு, செங்கல் கணப்பு. அதற்குள் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்றைச் சொருகப் போகிறார்கள், 'இன்செர்ட்' என்பார்கள். எதிரே மரத்தரை. "தடிமனாக ஒரு கிரானைட் பலகையைத் தரைமேல் போட்டால் போதாதா? கல்தான் எரியாதே!"

தெறித்து விழும் கங்குக்குப் போதும். அமெரிக்க விதிப்படி, திறந்த கணப்பின் வாய் 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால், முன்னால் 16 அங்குலமும் பக்கங்களில் 8 அங்குலமும் எரியாத தரை வேண்டும். வாய் பெரிதானால் 20, 12. இன்செர்ட்டுக்கு அதன் கையேடு சொல்வதுதான் கணக்கு. அடுப்பு முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் பழைய கல்தரையில் அதுவே பாதியைத் தின்றுவிடும், கவனம்.

நிஜத் தலைவலி கங்கு அல்ல, கண்ணாடி வழியே வரும் வெப்பக் கதிர்வீச்சு. கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரட்டித்தால் கதிர்வீச்சு 16 மடங்காகும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதை வாங்கிக் கல் சுடும். கல்லுக்கு அடியில் மரம்.

முதலில் கல் நம்மை ஏமாற்றும். வந்த சூட்டில் பெரும்பகுதியைத் தானே வைத்துக்கொள்ளும். அடியில் சூடு மெல்லத்தான் ஏறும். வயிறு நிரம்பியதும், வாங்குவதை அப்படியே கீழே தள்ளிவிடும்.

எவ்வளவு தள்ளும்? தடிமனை மீட்டரில் எடுத்து, பொருள் சூட்டைக் கடத்தும் திறனால் வகுத்தால் வெப்பத் தடை. 20 மி.மீ. கிரானைட்டுக்கு (கடத்துதிறன் சுமார் 2.8) அது 0.007. கனிம இழைகளை அழுத்திச் செய்த 12 மி.மீ. பலகைக்கு (சுமார் 0.06) 0.2. இழைகளுக்கு நடுவே சிக்கி நகர முடியாமல் கிடக்கும் காற்று செய்கிற வேலை இது. அதே தடையைக் கல்லிலேயே எட்ட 56 செ.மீ. உயரத்துக்கு அடுக்க வேண்டும். தினமும் இடறி விழலாம்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். கல்லின் மேற்பரப்பு 90 டிகிரி செல்சியஸ், தரைக்கு அடியில் காற்று 20 என்று வைத்துக்கொள்வோம். நடுவே 70 டிகிரி இறங்க வேண்டும். இந்த 70-ஐ அடுக்குகள் தத்தம் தடைக்கு ஏற்றபடி பங்கு போட்டுக்கொள்ளும். ஓரங்குல மரப்பலகையின் தடை 0.21, அடிப்பக்கம் ஒட்டி நிற்கும் காற்றுக்கு 0.17. கிரானைட் மட்டும் இருந்தால் அதன் பங்கு ஒரு டிகிரி சொச்சம்; மரத்தின் மேல்முகம் கிட்டத்தட்ட 89 டிகிரியில் வேகும். இழைப்பலகையையும் சேர்த்தால் 65-க்கு இறங்கும். அருமை.

இப்போது யாரோ குளிர் தாங்காமல் தரைக்கு அடியில் 10 செ.மீ. கனிமக் கம்பளியைத் திணித்துவிட்டார்கள். அதன் தடை 2.5! மேலே எதையுமே தொடவில்லை. ஆனாலும் மரம் 85 டிகிரிக்கு ஏறிவிடும். பங்கு கேட்கப் பெரியவர் ஒருவர் வந்தால் சின்னவர்களுக்கு என்ன மிஞ்சும்? சூடு இறங்கிப்போக வழியில்லை என்றால் மேலே போட்ட தடைக்கு மதிப்பில்லை. (மேற்பரப்பு 90-லேயே நிற்பதாக எடுத்துக்கொண்டேன். நிஜத்தில் அதுவும் கொஞ்சம் ஏறும்.)

மரம் சட்டென்று பற்ற 250 டிகிரிக்கு மேல் வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் வருடக்கணக்கில் சூடு பட்ட மரம் ஈரம் இழந்து, மெல்லச் சிதைந்து, பஞ்சு போன்ற கரியாகிறது. அது தானாகவே சூடேறக்கூடும். அதனால் நெடுநாள் சூட்டுக்கு 77 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள் என்று தீ ஆய்வாளர்கள் எச்சரிப்பதுண்டு. எந்தச் சூட்டில், எத்தனை ஆண்டில் என்பதில் அவர்களுக்குள் இன்னும் சண்டை. தீர்க்க வேண்டுமானால் ஒரு மரத்துண்டைப் பத்து இருபது வருடம் சுட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும். மூன்று வருடத்தில் முடிவு கேட்கும் ஆராய்ச்சி நிதியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கென்னவோ அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை.

கிரானைட் வாங்கும் முன் ஒரு வேலை. தரைக்கு அடியில் டார்ச்சோடு இறங்கி, கணப்புக்கு முன்னால் உள்ள கல்தரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் அதைத் தாங்கச் சிறு செங்கல் வளைவு கட்டுவார்கள். வளைவு இறுகும்வரை தாங்க அடித்த மரச் சாரத்தைப் பல கொத்தனார்கள் கழற்றவே இல்லை. நீங்கள் செங்கல் என்று நம்பியிருக்கும் இடத்திலும் காய்ந்த பலகை இருக்கலாம்.