காலிப்பர் போல்ட்டில் மட்கார்டு கம்பியை மாட்டாதீர்கள்

மழை தொடங்கியதிலிருந்து இதே கோளாறோடு எங்கள் பட்டறைக்கு வரும் மூன்றாவது சைக்கிள் இது. "முன் பிரேக் பிடித்தால் டக்கென்று ஒரு சத்தம் வருகிறது, பேட் தேய்ந்துவிட்டதோ?" என்று கேட்டபடியே உருட்டிக்கொண்டு வந்தார் ஒருவர். குனிந்து பார்த்தேன். காலிப்பரின், அதாவது பிரேக் பேட்களைப் பிடித்திருக்கும் பாகத்தின், கீழ் போல்ட் பாதி கழன்றிருந்தது. அதன் தலைக்கடியில் மட்கார்டைத் தாங்கும் கம்பியின் வளையம். வளையம் ஆடி ஆடி உரசிய இடத்தில் காலிப்பரின் கறுப்பு வண்ணம் போய் அலுமினியம் பளபளத்தது. மேல் போல்ட் விரலுக்கே சுற்றியது. இந்த வண்டியில்தான் தினமும் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

டிஸ்க் பிரேக் வண்டிக்கு மட்கார்டு போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போடலாம். சிக்கல் ஒரே இடத்தில்தான். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இடது காலில், கம்பி போக வேண்டிய வழியில் காலிப்பர் உட்கார்ந்திருக்கும். உடனே பக்கத்தில் எந்த போல்ட் இருக்கிறது என்று கண் தேடும். காலிப்பர் போல்ட் கண்ணில் படும். "அதுவும் போல்ட்தானே, கொஞ்சம் நீளமானதாகப் போட்டால் சரியாகிவிடும்." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சரியாகாது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். பெரும்பாலான காலிப்பர்களில் போல்ட் போகும் துளை வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான ரோட்டருக்கு நேராக காலிப்பரை இப்படி அப்படி நகர்த்தி வைப்பதற்காகத்தான் அந்த அமைப்பு. அதாவது, காலிப்பர் பக்கவாட்டில் நகராமல் இருப்பது போல்ட் தரும் அழுத்தத்தால் மட்டுமே. அந்த அழுத்தத்துக்கு நடுவில் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வளையத்தைச் செருகினால், அதே 3 மில்லிமீட்டர் மரைக்குள் போகாமல் வெளியே நின்றுவிடுகிறது. 6 மில்லிமீட்டர் போல்ட் அலுமினிய மரையில் 9 மில்லிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அங்கே 3 போனால் என்ன மிஞ்சும்?

சரி, நீளமான போல்ட் போட்டால்? மறுபக்கம் திறக்காத துளையாக இருந்தால் போல்ட்டின் நுனி அடியில் போய் முட்டி நிற்கும். கைக்கு இறுகியது போலவே இருக்கும், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச்கூடச் சரியான அளவில் 'டிக்' என்று சொல்லும். ஆனால் காலிப்பர் மீது அழுத்தமே விழுந்திருக்காது. இதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் நிலை, ஏனென்றால் போட்டவர் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். போல்ட்டின் நீளம் சரியாகவே அமைந்தாலும், மட்கார்டு ஓட்டம் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வு நேராக போல்ட் தலைக்கு வரும். கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

"நன்றாக முறுக்கிவிட்டேன்" என்பவர்களுக்கு: முறுக்க முறுக்க ஃபோர்க்கின் மரைதான் உரிந்து வரும். பல காலிப்பர்களுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். உங்கள் காலிப்பருக்கு எவ்வளவு என்பதைத் தயாரித்தவர் கொடுத்த தாளில் பாருங்கள்.

சக்கரத்தை இறுக்கும் நெம்புகோலான குயிக் ரிலீஸுக்கு அடியிலும் கம்பியை வைக்காதீர்கள். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரம் ஃபோர்க்கை விட்டுக் கீழே இறங்கத்தான் பார்க்கும், அதைத் தடுக்க அந்த இறுக்கம் வேண்டும்.

அப்படியானால் எங்கேதான் மாட்டுவது? முதலில் ஃபோர்க்கில் மட்கார்டுக்கென்றே 5 மில்லிமீட்டர் மரைத்துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இடது பக்கம் ஒரு ஸ்பேசரும் (இடைவெளிக்கு வைக்கும் சிறு குழாய்த் துண்டு) அதற்கேற்ற நீளமான போல்ட்டும் போட்டு, கம்பியைக் காலிப்பருக்கு வெளியே தள்ளிக் கொண்டு போகலாம். அல்லது, அதே துளையில் மாட்டும் கம்பியையே காலிப்பரைச் சுற்றி வளைக்கலாம். வண்டியில் மாட்டியபடி வளைக்காதீர்கள், கழற்றி வைஸில் பிடித்து, வளையத்தை விட்டுத் தள்ளி, இரண்டு இடத்தில் மெதுவாக வளையுங்கள். டிஸ்க் வண்டிக்கென்றே வளைத்து வரும் கம்பிகளும் உண்டு, கிடைத்தால் அதையே வாங்குங்கள். மரைத்துளையே இல்லாத உலோக ஃபோர்க்கில் ரப்பர் உறை போட்ட கிளாம்ப் மாட்டலாம். கார்பன் ஃபோர்க்கில், தயாரித்தவர் அனுமதித்தால் ஒழிய, எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் சக்கரத்தோடு மேலும் கீழும் போகிற கீழ்க்காலில்தான் மட்கார்டு நிற்க வேண்டும். மேலே மாட்டினால் முதல் பள்ளத்திலேயே டயர் அதில் போய் மோதும்.

பிரேக் ஆயில் ஹோஸோடு கம்பியைச் சேர்த்துக் கட்டவே கட்டாதீர்கள். கம்பி ரம்பம் போல அறுத்து ஹோஸில் ஓட்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே விரல் நுனி போகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். முன் மட்கார்டுக்கு, இழுத்தால் தானே விடுபடும் பாதுகாப்புக் கிளிப் போடுங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு குச்சி சிக்கினால் போதும், மட்கார்டு சுருண்டு சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். கிளிப் இருந்தால் கம்பி விடுபட்டுவிடும். டயருக்கு மேலே 10 மில்லிமீட்டர் இடைவெளியும் இருக்கட்டும்.

வேலை நடக்கும்போது ரோட்டரை விரலால் தொட வேண்டாம். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற ஸ்ப்ரே அடிப்பதற்கு முன்னால் சக்கரத்தைக் கழற்றித் தள்ளி வையுங்கள், பேட்டையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் குடித்த பேட் பழையபடி பிடிக்காது. அப்புறம் ஒரு வாரம் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் மறுபடி சாவி போட்டுப் பாருங்கள்.

அந்த வண்டியின் ஃபோர்க்கில் மேல் மரை தப்பியது. கீழ் மரை போல்ட்டோடு சுருளாக வந்துவிட்டது. ஃபோர்க்கை மாற்றியே ஆக வேண்டும், அதுவரை வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்த வளையத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடந்தே போய் மகளைக் கூட்டிவரக் கிளம்பினார்.