இரண்டுக்கும் உள்ளே எஃகுதான்

நியூயார்க்கில் பார்க் அவென்யூவில் சீகிராம் கட்டடம், 38 மாடி, 1958இல் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ கட்டியது. அங்கிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில், மேடிசன் அவென்யூவில், ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி நிறுவனத்தின் பழைய தலைமையகம், 37 மாடி, 1984. முன்னது நவீனத்துவம், பின்னது பின்நவீனத்துவம் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். வேடிக்கை என்னவென்றால், பின்னதை ஜான் பர்கியோடு சேர்ந்து வடிவமைத்த பிலிப் ஜான்சன்தான் சீகிராமில் மீஸுக்குத் துணையாக வேலை பார்த்தவர்.

ஒரு கட்டடம் எப்படி நிற்கிறதோ அது அப்படியே வெளியே தெரிய வேண்டும், ஒட்டுவேலை, பூவேலை எல்லாம் வேண்டாம் என்பது நவீனத்துவக்காரர்களின் பிடிவாதம். சரி, ஆனால் எஃகு 550, 600 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும், அதனால் பாரம் தாங்கும் தூண்களையும் விட்டங்களையும் கான்கிரீட்டால் மூடியாக வேண்டும் என்றது தீப் பாதுகாப்பு விதி. மூடிய பிறகு எதைக் காட்டுவது? மீஸ், ஆங்கில எழுத்து I வடிவ வெண்கலச் சட்டங்களைக் கண்ணாடிச் சுவரின் வெளிப்பக்கம் வரிசையாகப் பொருத்தினார். அவை சுவரை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு மாடியின் பாரம்கூட அவற்றின் மேல் இறங்குவதில்லை. 'உள்ளே இப்படித்தான் எஃகு இருக்கிறது' என்று சொல்வதற்காக வைத்த படம் அது. என்னைக் கேட்டால் அதுவும் அலங்காரம்தான், கொஞ்சம் கூச்சத்தோடு செய்த அலங்காரம். (சன்னல் திரைகள்கூட முழுக்கத் திறந்தது, பாதி திறந்தது, மூடியது என்று மூன்றே நிலைகளில்தான் நிற்கும், முகப்பின் ஒழுங்கு கெடக்கூடாதாம்.)

பின்நவீனத்துவம் அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டது. 'குறைவே நிறைவு' என்ற மீஸின் பேச்சுக்கு, 'குறைவு என்றால் சலிப்பு' என்று இன்னொரு கட்டடக் கலைஞர் ராபர்ட் வென்டூரி 1960களிலேயே பதில் சொல்லியிருந்தார். மேடிசன் அவென்யூ கட்டடத்தையும் எஃகுச் சட்டகம்தான் தாங்குகிறது, ஆனால் அதன்மேல் இளஞ்சிவப்பு கிரானைட்டைப் போர்த்தி, கீழே பெரிய வளைவு வாசல் வைத்து, உச்சியில் சிப்பண்டேல் என்ற பழைய ஆங்கிலேய மரச்சாமான் பாணி அலமாரியின் தலைபோல நடுவில் வட்டமாக வெட்டிய முக்கோணத்தை ஏற்றிவிட்டார்கள். எதையும் தாங்காத முக்கோணம். தாங்குவதாக அது பாசாங்கும் செய்வதில்லை, தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

அப்புறம், 2017இல் மேடிசன் அவென்யூ கட்டடத்தின் கீழ்ப்பகுதிக் கல்லை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடலாம் என்று ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, மறு வருடமே நகரம் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது. சீகிராமுக்கு அந்தப் பட்டம் 1989இலேயே கிடைத்திருந்தது.