சப்மெனு தெரிகிறது, சரி. சேவ் பட்டனை யார் அழுத்தலாம்?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் பூ மொத்த வியாபாரிகள் இணையதளம் செய்யக் கேட்டு வந்தால் முதல் கேள்வியே, "விலையை நாங்களே மாத்திக்கிற மாதிரி செஞ்சு தருவீங்களா தம்பி?" என்பதுதான். தாராளமாகச் செய்யலாம். இணையதளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில், தளத்தை நிர்வகிக்கும் அட்மின் பகுதியில், 'இன்றைய விலை' என்று ஒரு சப்மெனு (மெனுவுக்குள் வரும் உள்மெனு) பக்கம் சேர்த்துவிட்டால் போதும். பெரிய வேலை இல்லை. ஆனால் மதுரையில் பழைய தளங்களைச் சரிபார்க்கக் கொண்டுவரும்போது, நான் பாதுகாப்பு ஓட்டைகளை அதிகம் பார்ப்பது இந்தச் சின்ன வேலையில்தான்.

இதற்கான ஃபங்ஷனின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) பெயர் 'ஆட் சப்மெனு பேஜ்'. எந்த மெனுவுக்குக் கீழே வரவேண்டும், பக்கத்தின் தலைப்பு, மெனுவில் தெரியும் பெயர், யாருக்கு அனுமதி, ஸ்லக் (முகவரியில் வரும் பக்கத்தின் அடையாளப் பெயர்), பக்கத்தை வரையும் ஃபங்ஷன் என்று ஆறு விவரங்களை வாங்கும். வரிசையில் எந்த இடம் என்ற ஏழாவது விவரம் 2019-இல் வந்த 5.3 பதிப்பில் சேர்ந்தது. 'அட்மின் மெனு' ஹுக்கில், அதாவது வேர்ட்பிரஸ் நம் நிரலை ஓடவிடும் ஒரு கட்டத்தில், இதைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் 'அட்மின் இனிட்' ஹுக்கில் கூப்பிட்டால் காலம் கடந்துவிடும். நிர்வாகியாகவே நுழைந்தாலும் இந்தப் பக்கத்துக்கு உங்களுக்கு அனுமதியில்லை என்று சொல்லிவிடும். ஸ்லக்கை வெறுமனே 'செட்டிங்ஸ்' என்று வைக்காதீர்கள், இன்னொரு ப்ளகினும் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) அதையே வைத்திருக்கும். இதெல்லாம் ஒருநாள் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

வினை, யாருக்கு அனுமதி என்ற நான்காவது விவரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' என்று போடுவது எல்லோருக்கும் பழக்கம், ஏனென்றால் காப்பி அடிக்கும் மாதிரி நிரலில் அப்படித்தான் இருக்கும். அது தளத்தின் அமைப்புகளை மாற்றும் அனுமதி, இயல்பாக நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. கடையிலோ விடிகாலையில் விலை போடுவது முதலாளி இல்லை, கல்லாவில் உட்காரும் பையன். அவன், பதிவுகளைத் திருத்தும் 'எடிட்டர்' பொறுப்புள்ள கணக்கில் நுழைந்தால் 'இன்றைய விலை' கண்ணிலேயே படாது. உடனே டெவலப்பருக்கு போன் வரும்.

அந்த போனுக்குப் பிறகு நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். சிலர் பையனிடம் நிர்வாகி பாஸ்வேர்டையே கொடுத்துவிடுவார்கள். இன்னும் சிலர் 'எடிட்டர்' பொறுப்புக்கே 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' அனுமதியைச் சேர்த்துவிட்டு, சரியாகிவிட்டது அண்ணே என்பார்கள். இரண்டாவது முதலாவதைவிட நாகரிகமாகத் தெரியும், அவ்வளவுதான். பொது அமைப்புகள் பக்கத்தில் 'யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்' என்று ஒரு டிக் பெட்டி, 'புதிய பயனரின் இயல்பான பொறுப்பு' என்று ஒரு தேர்வு. 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளவர் முதலாவதை டிக் செய்து, இரண்டாவதை நிர்வாகி என்று மாற்றினால், அதன் பிறகு பதிவு செய்யும் யாரும் உங்கள் தளத்தின் நிர்வாகி. இது கற்பனை இல்லை. 2018 நவம்பரில் 'டபிள்யூபி ஜிடிபிஆர் கம்ப்ளையன்ஸ்' என்ற ப்ளகினின் ஓட்டை வழியாக, லாகின்கூட இல்லாமல் இதே இரண்டு அமைப்புகளைத்தான் மாற்றித் தளங்களைப் பிடித்தார்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர் நான்காவது விவரத்தை எடிட்டருக்கும் உள்ள 'எடிட் அதர்ஸ் போஸ்ட்ஸ்' (பிறர் பதிவுகளைத் திருத்தும் அனுமதி) என்று மாற்றுவார். இப்போது பக்கம் பையனுக்குத் தெரியும். விலையை அடித்து சேவ் கொடுத்தால் அனுமதியில்லை என்று வரும். காரணம், அமைப்புகளைச் சேமிக்க வேர்ட்பிரஸே தரும் செட்டிங்ஸ் ஏபிஐ வழியாகப் போகும் படிவத்தை வாங்குவது வேர்ட்பிரஸின் 'ஆப்ஷன்ஸ்' கோப்பு. பக்கத்துக்கு நீங்கள் என்ன அனுமதி வைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அது தனியாக 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' கேட்கும். 'ஆப்ஷன் பேஜ் கேப்பபிலிட்டி' என்ற ஃபில்டரில் (வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மதிப்பை நாம் மாற்ற விடும் ஹுக்) ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. பலருக்கு இந்த ஃபில்டர் இருப்பதே தெரியாது. ஏபிஐயைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'அட்மின் இனிட்'டில் சொந்தமாக ஒரு சேவ் நிரல் எழுதி, பாதுகாப்புக்கு என்று 'இஸ் அட்மின்' சோதனை ஒன்றை வைப்பார்கள். வந்திருப்பவர் நிர்வாகியா என்று 'இஸ் அட்மின்' பார்ப்பதில்லை. கேட்கப்படுவது அட்மின் பகுதி முகவரியா என்று மட்டும்தான் பார்க்கிறது. பின்னணியில் வரும் கோரிக்கைகளை வாங்கும் 'அட்மின் அஜாக்ஸ்' கோப்பும் அட்மின் பகுதி முகவரிதான், லாகின் இல்லாதவர் கூப்பிட்டாலும் அங்கே 'அட்மின் இனிட்' ஓடும். ஆக, உலகத்தில் எவனும் உங்கள் கடையில் மல்லிகையைக் கிலோ பத்து ரூபாய்க்கு விற்கலாம்.

சப்மெனுவில் எழுதும் அனுமதி, அந்தப் பக்கத்தைக் காட்டலாமா என்பதற்கு மட்டுமே பதில். சேமிக்கலாமா என்று 'கரண்ட் யூசர் கேன்' என்ற அனுமதிச் சோதனையை வைத்துத் தனியாகக் கேட்கவேண்டும், சேமிக்கும் அந்த இடத்திலேயே. கூடவே, படிவத்தில் ஒளித்துவைக்கும் தற்காலிகக் குறியீடான நான்ஸின் சோதனையும் வேண்டும். நான்ஸ் இருந்தால் போதும் என்று நினைக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: கோரிக்கை நம் படிவத்திலிருந்து வந்ததா என்பதற்குத்தான் அது சாட்சி, இயல்பாக 24 மணி நேரம்வரை செல்லும். அனுமதி உண்டா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மெனுவை மறைப்பதும் இதே ரகம். ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தில் முன்பதிவுப் பட்டியல் சப்மெனுவை 'ரிமூவ் சப்மெனு பேஜ்' போட்டு ஊழியர்களுக்கு மறைத்திருந்தார்கள். முகவரியை நேராக அடித்தால் பெயர், போன் நம்பர், அட்வான்ஸ் தொகை எல்லாம் திறந்தது. அந்த ஃபங்ஷன் மெனுவிலிருந்து வரியை எடுக்குமே தவிர, கதவைப் பூட்டாது.

பூக்கடைக்கு நான் செய்துகொடுக்கும் முறை இது. 'பூ விலை மாற்ற' என்று தனி அனுமதி ஒன்று, 'ரீட்' அனுமதியும் (உள்ளே நுழைய மட்டும் விடுவது) அதுவும் மட்டுமே உள்ள 'விலை பதிபவர்' என்ற பொறுப்பு ஒன்று. சப்மெனுவிலும் சேவ் நிரலிலும் அதே அனுமதி. பையன் உள்ளே வந்தால் 'இன்றைய விலை'யும் அவன் சொந்த ப்ரொஃபைலும் போல ஓரிரண்டுதான் தெரியும். பொறுப்புகள் டேட்டாபேஸில் சேமிக்கப்படுவதால், ப்ளகினை இயக்கும்போது ஒருமுறை சேர்த்தால் போதும். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் சேர்க்கத் தேவையில்லை. ப்ளகினை நீக்கும்போது பொறுப்பையும் நீக்க நிரல் எழுதுங்கள்.

தளம் வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு நிரல் தெரிய வேண்டாம். மிகக் குறைந்த அனுமதியுள்ள 'சப்ஸ்கிரைபர்' பொறுப்பில் ஒரு சோதனைக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் நிர்வாகி கணக்கில் 'இன்றைய விலை' பக்கத்தைத் திறந்து முகவரியை காப்பி செய்து, சோதனைக் கணக்கில் நுழைந்த வேறொரு பிரவுசரில் ஒட்டுங்கள். பக்கம் திறந்தால் டெவலப்பரைக் கூப்பிடுங்கள். திறக்காவிட்டாலும் "சேவ் பண்ற இடத்தில் அனுமதி பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள், அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வேலையை விட்டுப் போன பையனின் கணக்கை அன்றைக்கே நீக்குங்கள். நீக்கும்போது அவன் எழுதிய பதிவுகளை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்டால், உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அழிக்கச் சொன்னால் பதிவுகளும் சேர்ந்து போய்விடும்.