ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு உண்டு: பில்லில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தபோது கையில் கொடுத்த பில்லில் 'ஆஞ்சியோபிளாஸ்டி பேக்கேஜ்', அதாவது அடைப்பை பலூனால் திறந்து ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சைக்கு மொத்தமாக, என்று ஒரே வரிதான் இருந்தது. ஸ்டென்ட் என்ன விலை, எந்தக் கம்பெனி, எதுவும் இல்லை. கேட்ட பிறகுதான் பிரித்து எழுதித் தந்தார்கள். அப்படிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இதய ஸ்டென்ட் 2016-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. விலையைக் கட்டுப்படுத்தச் சொல்லி பிரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தார். 2017 பிப்ரவரி 13 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பை அறிவித்தது. வெறும் உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய். அதற்கு முன் மருந்து பூசியதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குவது சாதாரணம். மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி இந்த வரம்பு மாறிக்கொண்டே வரும். 2025 ஏப்ரலில் அது உலோகத்துக்குச் சுமார் 10,700, மருந்து பூசியதற்குச் சுமார் 38,900. ஜிஎஸ்டி தனி.

ஏன் இரண்டு வகை? உலோக வலை வைத்த இடத்தில் தழும்புபோலத் திசு வளர்ந்து, சில மாதங்களில் ரத்தக்குழாய் மறுபடி சுருங்கிவிடும். ஐந்தில் ஒருவருக்காவது இப்படி ஆனது. இதைத் தடுக்க ஒரு காலத்தில் கதிர்வீச்சையே நம்பினார்கள். இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருளை மெல்லிய குழாய் வழியாக ஸ்டென்டுக்குள் அனுப்பி, சில நிமிடம் வைத்திருந்து வெளியே எடுத்துவிடுவார்கள். 2000 நவம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. பலன் இருந்தது. ஆனால் கதிர் பட்ட பகுதியின் ஓரங்களில் புதிதாகச் சுருக்கம் வந்தது, பல மாதம் கழித்து ரத்தக்கட்டியும் வந்தது. 2003-ல் அந்தத் திசு வளர்வதைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் அங்கே விற்பனைக்கு வந்ததும் கதிர்வீச்சு ஓரம் கட்டப்பட்டது. ஸ்டென்ட் மேல் ஸ்டென்ட் வைத்தும் திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் சில மருத்துவமனைகளில் இன்றும் செய்கிறார்கள்.

ஆகவே இன்று பெரும்பாலும் மருந்து பூசியதைத்தான் வைப்பார்கள். அதில் 'இது வெளிநாட்டுச் சரக்கு', 'புதுத் தலைமுறை', 'உடலில் கரையும் வகை' என்று என்ன சொன்னாலும் உச்சவரம்பு ஒன்றேதான். நிறுவனங்கள் தனி வகை கேட்டன, ஆணையம் மறுத்தது. இந்த ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்.

ஆனால் பலூன், கைடு வயர், கதீட்டர், டாக்டர் கட்டணம், அறை வாடகை எதுவும் இந்த வரம்புக்குள் வராது. சுருங்கிய ஸ்டென்டைத் திறக்கப் பயன்படும் மருந்து பூசிய பலூனுக்கும் வரம்பு இல்லை. இது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். இரண்டாம் முறை படுப்பவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார். எனவே மொத்தத் தொகையை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மாரடைப்பு என்றால் மட்டும் முதலில் சிகிச்சை, பில் பேச்சு அப்புறம்.

ஸ்டென்டின் விலை, பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண் எல்லாம் பில்லில் தனியாக இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. ஸ்டென்ட் பெட்டியில் உரித்து ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் இருக்கும். சித்தப்பாவின் ஃபைலில் விரல் அகலத்துக்கு ஒன்று: அதில் ஸ்டென்டின் விட்டமும் நீளமும் 3.0 x 28 மி.மீ. என்று, கீழே பேட்ச் எண். அதையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை ஸ்டென்டுக்குப் பணம் வாங்கினார்களோ அத்தனை ஸ்டிக்கர் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஸ்டென்ட் சிகிச்சையும் அதில் அடக்கம். விவரத்துக்கு 1800 425 3993. உச்சவரம்பை மீறி வாங்கியிருந்தால் பில், ஸ்டிக்கர் இரண்டின் நகலோடு விலை நிர்ணய ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அவர்கள் எண் 1800 111 255.